வேற்றாள் வரும் நாள்

ஜனவரி 11

ஊசி போடுவதில் மூவுலகிலும் நிகரற்றவளும் என் ஒரே அக்காளின் ஒரே மகளுமாகிய மருமகளுக்கு, கறைக்குக் காலன், அழுக்குக்கு எமன், சலவைச் சக்கரவர்த்தி ஆகிய உன் மாமன் எழுதுவது.

நான் நலம். முழங்கால்கள் மட்டும் என்னை விட்டுத் தனிக்குடித்தனம் போய்விட்டன. நான் மாடியேறினால் அவை அரைமணி கழித்து வந்து சேர்கின்றன. நீ நலமா? அறுவை அறையில் நின்று நின்று கால் வீங்குகிறதென்றாயே, வடிந்ததா? உட்கார்ந்து சாப்பிடுகிறாயா, இல்லை உன் அம்மாவைப்போல் நின்றபடியே விழுங்குகிறாயா?

லாண்டரி தொலைபேசி உயிரை விட்டுவிட்டது. ஆள் கூப்பிட்டுச் சரிசெய்யலாம். ஆனால் யோசித்துப் பார், எந்தச் சக்கரவர்த்தி போனில் பேசினான்? ஓலைதான் அனுப்பினான். இனி நமக்கும் ஓலைதான்.

விசேஷம் ஒன்று உண்டு. நம் லாண்டரிக்குப் பேய் வந்திருக்கிறது. பயப்படாதே, வெளியாள் இல்லை, வீட்டுப் பேய்தான்.

காலையில் இடி பாய்லரைப் பற்றவைப்பார். (நம் பாய்லர்காரரை மறந்திருக்கமாட்டாய். அவர் வாயைத் திறந்து நான் பார்த்தது என் கல்யாணத்தன்று மட்டும்தான், அதுவும் கொட்டாவி.) நீராவி குழாயில் ஏறும். ஏறின சற்று நேரத்தில், இஸ்திரி மேசைகளுக்குப் பின்னால், சுவருக்குள்ளிருந்து கேட்கிறது: தட், தட். கொஞ்சம் இடைவெளி. தட்.

உனக்கு அந்தத் தட்டல் தெரியும். குளியலறைக் கதவானாலும் வங்கி மேனேஜர் அறைக் கதவானாலும் உன் அம்மா அப்படித்தான் தட்டுவாள். முதல் இரண்டும் உத்தரவு. மூன்றாவது, "இன்னுமா திறக்கலை?"

முதல் நாள் கேட்டபோது புயல் கையிலிருந்த சட்டையை அப்படியே வைத்துவிட்டு, "முதலாளியம்மா வந்துட்டாங்க" என்றாள். (புயல் நம் மூத்த இஸ்திரிக்காரி. அவள் ஒரு சட்டையைத் தொடங்கி முடிப்பதற்குள் அதன் சொந்தக்காரருக்குப் பேரன் பிறந்துவிடும், அதனால் அந்தப் பெயர்.) யாரும் சிரிக்கவில்லை. இப்போதெல்லாம் தட்டல் கேட்டதும் எல்லோரும் "வாங்கம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் வேலையில் கைவைக்கிறார்கள். குழாயடியில் ஒரு டீ வைக்கிறோம். செத்து ஒரு வருஷமான பிறகும் நேரத்துக்கு வேலைக்கு வருகிறவள் இந்த லாண்டரியில் உன் அம்மா ஒருத்திதான். லாண்டரியில் ஆவி இருப்பதில் என்ன அதிசயம் என்று நீ கேட்பாய். கேள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
சலவைச் சக்கரவர்த்தி


பிப்ரவரி 2

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். கால் வீக்கம் வடிந்துவிட்டது. முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா, இல்லை எண்ணெய்ப் புட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களா?

தட்டலைப் பற்றி எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். டீயில் சர்க்கரை போடாதீர்கள். அம்மாவுக்குப் பிடிக்காது.

ஒன்று கேட்க வேண்டும். வேற்றாள் நாள் நடக்கிறதா? மாதத்தின் முதல் திங்களன்று அம்மா கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய், தெருவைச் சுற்றி, முன்வாசல் வழியாக யாரோபோல் வருவாளே. "ஏங்க, இங்க துணி வெளுப்பீங்களா?" என்று உங்களிடமே கேட்பாள். நீங்கள் சிரித்தால் அன்றைக்குப் பாதிச் சம்பளம். கதவு கீச்சிடுகிறது, தரை வழுக்குகிறது, இந்தம்மா ஏன் முறைக்கிறாங்க என்று குறை சொல்லிக்கொண்டே பாய்லர் வரைக்கும் போவாள். சொன்னதெல்லாம் சரியாகும்வரை ஒரு கைக்குட்டை வாங்கக்கூட விடமாட்டாள். நீங்கள் எரிச்சல்பட்டால், "தினம் பாக்கற கண்ணுக்கு ஓட்டை தெரியாதுடா" என்பாள்.

எங்கள் அறுவை அறையில் வயிற்றை மூடுமுன் பஞ்சுத்துணிகளை எண்ணுவோம். போன வாரம் பெரிய டாக்டர், "எல்லாம் சரியா இருக்கும்மா, மூடிடலாம்" என்றார். எண்ணாமல் ஊசியைக் கையில் தரமாட்டோம் என்று நின்றோம். எண்ணினோம், சரியாகத்தான் இருந்தது. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அடுத்த தடவையும் எண்ணுவோம்.

இடியையும் புயலையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மருமகள்


பிப்ரவரி 24

எண்ணிக்கையில் புலியாகிய மருமகளுக்கு மாமனின் ஆசிகள்.

நலம். எண்ணெய் தேய்த்தேன். முழங்கால் இப்போது வலிப்பதோடு வழுக்கவும் செய்கிறது. அங்கே குளிர் எப்படி? போர்வை போதுமா? போதாவிட்டால் சொல், இங்கே உரிமையாளர் மறந்துபோன போர்வைகளை வைத்து ஒரு படைக்கே கூடாரம் அடிக்கலாம்.

உன் அம்மா இப்போது கையெழுத்தும் போடத் தொடங்கிவிட்டாள். விடுதிக்குப் போன வெள்ளை விரிப்புகளில் பழுப்பாக ஒரு கைத்தடம். நாலு விரல், ஒரு கட்டைவிரல். விடுதி மேனேஜர் மூட்டையோடு வந்து நின்றார். "கொலை நடந்த வீட்டுத் துணியோட சேத்துப் போட்டுட்டீங்களா?" என்றார்.

"ஐயா, இது எங்க முதலாளியம்மா முத்திரை. மத்த விடுதிக்கெல்லாம் கிடைக்காது" என்றேன்.

அவருக்கும் அந்த முத்திரை வேண்டாமாம். மூட்டையை அப்படியே என் காலடியில் போட்டுவிட்டுப் போனார். மறுபடி துவைத்தோம். அந்தத் தடம் போய், வேறொரு விரிப்பில் வந்து உட்கார்ந்தது.

இதோடு இன்னொன்று. மாலையானால் பாய்லர் பெருமூச்சு விடுகிறது. சாதாரணப் பெருமூச்சா? எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகள் அந்தக் காற்றில் கிளம்பி அடுத்த ஊரில் போய் இறங்கி, அங்கேயே வேறு ஆட்களுக்குப் பொருந்திவிட்டனவாம். கணக்கு முடிகிற நேரத்தில் உன் அம்மா நாற்காலியில் சாய்ந்து விடுவாளே, அதே மூச்சு. இஸ்திரிப் பெண்கள் அதைக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள்.

டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டோம். குடை அதன் ஆணியில் பத்திரமாகத் தொங்குகிறது.

சாப்பாட்டை விடாதே.

உன் மாமன்


மார்ச் 15

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். குளிர் குறைந்துவிட்டது, போர்வைப் படையை அனுப்ப வேண்டாம். உங்களுக்கு இருமல் என்று அடுத்தகடைப் பூட்டுக்காரர் சொன்னார். உங்களைப் பிடிக்க அவர் கடைக்குத்தான் போன் செய்தேன். பேசக் கூப்பிட்டதற்கு நீங்கள் "வரலை" என்றீர்களாம். இருமலுக்கு மருந்து குடித்தீர்களா?

அம்மா இடுப்பில் எப்போதும் ஓர் ஈரத்துணி செருகியிருப்பாளே, நினைவிருக்கிறதா? துணி துவைக்கும் டிரம்மின் கதவைக் கடக்கும்போதெல்லாம் அதன் விளிம்பைத் துடைத்துவிட்டுப் போவாள். சின்ன வயதில் அது அவளுடைய பழக்கதோஷம் என்று நினைத்திருந்தேன். இப்போது அந்த விளிம்பை யார் துடைக்கிறார்கள்? துரு பிடித்த கதவில் ஆள் கைபட்டு அது துணிக்கு வருகிறதோ?

இன்னொன்றும் தோன்றுகிறது. நீங்கள் எழுதுகிற பேய் அம்மா நின்ற இடங்களில் மட்டும்தான் நடமாடுகிறது. குழாயடி. டிரம் கதவு. பாய்லர். அங்கெல்லாம் அவள் நின்று என்ன செய்துகொண்டிருந்தாள், மாமா? நமக்கு முன்னால் வந்து, நமக்குப் பின்னால் போனவள். நாம் ஒருநாளாவது கேட்டோமா?

பாய்லர் தெரிந்த ஃபிட்டர் யாரையாவது கூப்பிடுங்கள். வேற்றாள் நாளைப் பற்றிக் கேட்டிருந்தேன். நீங்கள் குடையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

அன்புடன்,
மருமகள்


ஏப்ரல் 20

அண்ட சராசரங்களின் தாதியாகிய மருமகளுக்கு, வெற்றிவாகை சூடிய மாமன் எழுதுவது.

தாமதத்துக்கு மன்னிப்பாயாக. இருமல் என்னை விட்டுப் பூட்டுக்காரருக்குப் போய்விட்டது. நீ நலமென நம்புகிறேன்.

இனி நீ கவலையே பட வேண்டாம். பேயோடு சமாதானம் ஆகிவிட்டது. நானே பேசி முடித்தேன்.

பெருமூச்சு போன மாதம் அதிகமாகிவிட்டது. மாலையில் மட்டும் விட்டுக்கொண்டிருந்தவள் மத்தியானமும் விட ஆரம்பித்தாள். புயல் அழுதாள். இரண்டு பெண்கள் வேலைக்கு வருவதை நிறுத்தினார்கள். நான் பாய்லர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து கவனித்தேன். அதன் உச்சியில் ஓர் இரும்புக் கை நீட்டிக்கொண்டிருக்கும், நுனியில் குண்டு தொங்கும், பார்த்திருப்பாய். பெருமூச்சு வரும்போதெல்லாம் அந்தக் கை மெல்ல மேலே எழும்புகிறது. எதையோ கேட்டு நீட்டுகிற மாதிரி.

"என்னக்கா வேணும் உனக்கு?" என்றேன்.

கேட்ட மாத்திரத்தில் எனக்கே பதில் தெரிந்துவிட்டது. அவளுடைய முதல் இஸ்திரிப் பெட்டி. கரி போட்டுத் தேய்ப்பது, தூக்கினால் தோள் இறங்கும் கனம். அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதானே ஒற்றை மேசையில் தொழிலைத் தொடங்கினாள்? பரணிலிருந்து எடுத்துத் துடைத்து, ஏணி போட்டு ஏறி, கொக்கி வைத்து அந்தக் கையிலேயே தொங்கவிட்டேன். கை இறங்கியது. பெருமூச்சு நின்றது. அன்றிலிருந்து ஒரு மூச்சுக்கூட இல்லை. பெட்டியைப் பிடித்துக்கொண்டு சமர்த்தாக இருக்கிறாள். பெண்கள் திரும்பி வந்துவிட்டார்கள். இடிகூட ஒருமுறை தலையாட்டினார்.

காலைத் தட்டல் மட்டும் உண்டு. அது இருக்கட்டும். ஃபிட்டருக்கு இங்கே வேலையில்லை.

உடம்பு பத்திரம்.

பேயோட்டும் பேரரசன்


ஏப்ரல் 28, விரைவுத் தபால்

மாமா,

நலம் விசாரிக்க நேரமில்லை. இஸ்திரிப் பெட்டியைப் பற்றி எங்கள் மருத்துவமனைப் பாய்லர்காரரிடம் சொன்னேன். கையிலிருந்த டீயை வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார். அந்தக் கை கேட்பதற்காக நீளவில்லை. அளவுக்கு மேல் சேர்ந்த நீராவி வெளியே போவதற்காகத் தூக்குகிறது. நீங்கள் அதன் வாயை அடைத்துவைத்திருக்கிறீர்கள்.

பாய்லரை எரிப்பதை நிறுத்துங்கள். நன்றாக ஆறும்வரை யாரும் கிட்டே போகக்கூடாது. ஆறின பிறகு பெட்டியை இறக்குங்கள். சூடாக இருக்கும்போது நீங்கள் ஏறாதீர்கள். பூட்டுக்காரரிடமும் போனில் சொல்லியிருக்கிறேன். அவர் முழுதாகச் சொல்வார் என்று நம்பிக்கையில்லை.

மருமகள்


ஏப்ரல் 28

மருமகளுக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய்.

சற்றுமுன் பூட்டுக்காரர் வந்தார். "உங்க மருமக போன் பண்ணுச்சு. அவங்கம்மா இஸ்திரிப் பெட்டியை உடனே இறக்கணுமாம். ரொம்பக் கோவமாப் பேசுச்சு" என்றார்.

உன் அம்மாவின் பெட்டி உனக்குத்தான் சேர வேண்டும். யார் இல்லையென்றது? "மாமா, எனக்கு வேணும்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் வெள்ளித்தட்டில் வைத்து அனுப்பியிருக்கமாட்டேனா? தெருவில் சாவி ராவுகிறவன் வாயால் கேட்டு வாங்க வேண்டிய அளவுக்கா நான் போய்விட்டேன்?

நாளைக் காலை வேலை தொடங்கியதும் நானே ஏறி இறக்கி, பார்சல் கட்டி அனுப்புகிறேன்.

உன் அம்மாவின் தம்பி


மே 12

மாமா,

உங்கள் 28ஆம் தேதிக் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. அதற்குப்பின் ஒன்றுமில்லை. பூட்டுக்காரரைக் கேட்டால், "ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, வந்துட்டாங்க" என்கிறார். யார் போனது என்றால், "எல்லாரும்தான்" என்கிறார். லீவு கேட்டிருக்கிறேன். யாராவது ஒரு வரி எழுதுங்கள்.

எனக்குப் பெட்டி வேண்டாம்.

மருமகள்


மே 20

செல்வ மருமகளுக்கு மாமனின் ஆசிகள் கோடி.

நான் பரிபூரண நலம். வலது கைக்கு மட்டும் கொஞ்சம் ஓய்வு கொடுத்திருப்பதால், நான் சொல்லச் சொல்லப் புயல் எழுதுகிறாள். (ஓய்வு இல்லம்மா. முழங்கை வரைக்கும் வெந்துபோச்சு. கட்டுப் போட்டிருக்கு. - புயல்) நீ நலமா?

மறுநாள் காலை உன் மேல் இருந்த கோபத்தில் ஏணியில் ஏறினேன். பெட்டியைக் கொக்கியிலிருந்து எடுத்ததுதான் தாமதம், அந்த இரும்புக் கை என்னை அறைய வருவதுபோல் மேலே பாய்ந்தது. அப்போது வந்தது பெருமூச்சல்ல. கூரைக் கண்ணாடி பறந்தது. மேகங்கள் விலகி வழிவிட்டன. நான் அந்த நீராவியிலேயே ஏறிப்போய், நிலாவின் கறையைத் துடைத்துவிட்டுத் திரும்பினேன். (அழுக்கு மூட்டை மேல விழுந்தாரு. அதான் எலும்பு தப்பிச்சுது.) என் காயத்தைத் தவிர யாருக்கும் ஒன்றுமில்லை. (இடி அண்ணனுக்குக் காது அடைச்சுக்கிச்சு. எங்களையெல்லாம் கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க.) உன் விரைவுத் தபால் நான் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பிய அன்று வந்தது.

ஃபிட்டர் வந்து பார்த்தார். பாய்லரில் நீராவி அளவு காட்டும் முள் எப்போதோ மாட்டிக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கிறதாம். முள்ளை நம்பி இடி மேலும் மேலும் எரித்திருக்கிறார். அதற்கு உன் அம்மா ஏதாவது செய்துகொண்டிருந்தாளா என்று கேட்டோம். இடி எழுந்துபோய், அந்தக் கண்ணாடியை நகத்தால் இரண்டு சுண்டு சுண்டிக் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பெட்டி தொங்கிட்டே இருந்திருந்தா இன்னும் எத்தனை நாள் தாங்கியிருக்கும்?" என்று ஃபிட்டரைக் கேட்டேன். பாய்லருக்கும் இஸ்திரி மேசைக்கும் எவ்வளவு தூரம் என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். (என் மேசைதாம்மா முதல்ல இருக்கு.)

மற்றபடி சக்கரவர்த்தி சௌக்கியம். போதும் புயல், கையெழுத்தை நானே போடுகிறேன்.

(அம்மா, முதலாளி மருந்து போட உள்ள போயிருக்காரு. அதுக்குள்ள இதை எழுதறேன். அவரு இதை எழுதமாட்டாரு. தினம் காலைல யாருக்கும் முன்னாடி வந்து குழாய்கிட்ட உக்காந்திருப்பாரு. டீ வைக்கிறது நாங்க இல்ல, அவர்தான். என்னென்னமோ பேசுவாரு, அக்கா அக்கான்னு. மாசம் முதல் திங்கக்கிழமை குடையை எடுத்துக்கிட்டுப் பின்பக்கமாப் போவாரு. எதிர்ச்சாரில நின்னு நம்ம முன்கதவையே பாத்துட்டு இருப்பாரு. அப்புறம் பின்பக்கமாவே திரும்பி வந்துடுவாரு. ஒருநாள் கேட்டுட்டேன். "நான் அந்தக் கதவைத் திறந்து வந்துட்டா, இனிமே அவ வரமாட்டான்னு ஆயிடும் புயல்" அப்படின்னாரு. ஃபிட்டர் அந்தக் குழாயில தண்ணி தேங்கி நிக்குது, ஆவி போய் மோதறப்பதான் தட்டுது, ஒருநாள் குழாயே பிச்சுக்கும், சரிபண்ணினா சத்தம் நின்னுடும்னாரு. "அதை மட்டும் விட்டுடுங்க"ன்னு முதலாளி சொல்லிட்டாரு. நீங்கதான் சொல்லணும். - புயல்)


மே 29

அன்புள்ள மாமாவுக்கு,

கை எப்படி இருக்கிறது? கட்டை நனைக்காதீர்கள். கொப்புளத்தை நீங்களே உடைக்காதீர்கள். உடைத்திருப்பீர்கள்.

புயல் எழுதியதும் வந்து சேர்ந்தது. அவளைத் திட்டாதீர்கள்.

உங்கள் முதல் கடிதம் வந்தபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? லீவு போட்டுவிட்டு ஓடிவந்து அந்தத் தட்டலைக் கேட்க வேண்டும் என்றுதான் தோன்றியது. குழாய்க்கு என்ன கோளாறு என்று கேட்கத் தோன்றவில்லை. டீயில் சர்க்கரை வேண்டாம் என்று எழுதினேன். ஃபிட்டரைக் கூப்பிடச் சொல்ல எனக்கே இன்னொரு கடிதம் தேவைப்பட்டது. அது நின்றுவிடக்கூடாது என்று உங்களைப் போலவே நானும் நினைத்தேன், மாமா.

ஆனால் புயலின் மேசை முதலில் இருக்கிறது. தட்டல் நின்றால் நிற்கட்டும். பாதி லாண்டரி என் பெயரில் இருக்கிறதல்லவா, அந்தப் பாதி சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிட்டர் சொன்னதை முழுக்கச் செய்யுங்கள். அதற்குமுன் பாய்லர் எரியக்கூடாது.

முதல் திங்கள் வருகிறது. முன்கதவு வழியாக வாருங்கள்.

அன்புடன்,
மருமகள்


ஜூலை 8

பாதிச் சாம்ராஜ்யத்தின் மகாராணிக்கு, மீதிப் பாதியின் மன்னன் தன் சொந்தக் கையால் எழுதுவது.

கை தேறிவிட்டது. புதுத்தோல் குழந்தையுடையதுபோல் இருக்கிறது. இன்னும் நாலைந்து விபத்து நடந்தால் முழுக்க இளைஞனாகிவிடுவேன். நீ நலமா? லீவு கிடைத்ததா? போன் பிழைத்துவிட்டது. இதில் இருப்பதைப் போனில் சொல்ல முடியாது என்பதால் ஓலை.

போன மாத முதல் திங்களன்று எதிர்ச்சாரி வரைதான் போனேன். அதை உனக்கு எழுதவில்லை. இந்த மாதம் போனேன். குடையோடு பின்வாசலில் இறங்கி, தெருவைச் சுற்றி வந்து, முன்கதவைத் தள்ளினேன். கதவு போட்ட கீச்சில் எனக்கே உடம்பு கூசியது. தினமும் பின்பக்கமாக வருகிறவனுக்கு அது எங்கே கேட்கும்? உள்ளே, அன்று இன்னும் பிழைக்காத போன். அதன் மேல் நான் ஒட்டிய காகிதம்: "சற்று நேரத்தில் சரியாகும்." காகிதமே மஞ்சளாகிவிட்டது. அப்புறம் என் நாற்காலி. அது குழாயைப் பார்த்துப் போட்டிருந்தது, மருமகளே. உள்ளே வருகிறவர்களுக்கு நான் இத்தனை நாளும் முதுகைத்தான் காட்டியிருக்கிறேன்.

தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "ஏங்க, இங்க துணி வெளுப்பீங்களா?" என்றேன்.

புயல் தலையைத் தூக்காமல், "வெளுப்போம். முதலாளி பேய்கிட்டப் பேசிட்டிருக்காரு, முடிஞ்சதும் சொல்றேன். உக்காருங்க" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன். எனக்குப் பாதிச் சம்பளம் பிடித்தம். அன்று முழுக்கக் குறை சொன்னேன். டிரம் விளிம்பைத் தேய்த்துக் கழுவினோம், சுரண்டினோம், பாய்லரின் கால்வரைக்கும் பார்த்தோம். நாற்காலி இப்போது வாசலைப் பார்க்கிறது.

மறுநாள் ஃபிட்டர், உன் கடிதம் வந்ததிலிருந்து எரியாமல் கிடந்த பாய்லருக்குப் புது முள் மாட்டி, தாழ்ந்து கிடந்த குழாயை நிமிர்த்தினார். அதன் அடியில் ஒரு குட்டித் திருகு இருந்தது. ஆவி ஏறுமுன் தினமும் அதைத் திறந்து தேங்கின தண்ணீரை விட வேண்டுமாம். சுவரை ஒட்டியிருப்பதால் கை நுழையாது. எனக்குக் குடை நினைவு வந்தது. அதன் வளைந்த பிடியை உள்ளே விட்டேன். பூட்டும் சாவியும்போல் திருகில் போய் உட்கார்ந்தது. பிடியில் அந்த இடத்தில் மட்டும் வர்ணம் போய் மரம் வழுவழுவென்று இருக்கிறது. மழையில்லாத நாளிலும் அவள் எதற்குக் குடையோடு வந்தாள் என்று நான் எத்தனை கேலி செய்திருக்கிறேன்.

துருத்தண்ணீர் ஓடி முடிந்தது. இடி பற்றவைத்தார். ஆவி ஏறியது. எல்லோரும் மேசையருகில் நின்றோம். குழாய் சும்மா இருந்தது. "வாங்கம்மா" சொல்ல வாயெடுத்த ஒருத்தி பாதியில் மூடிக்கொண்டாள். டீ ஆறிப்போனது. புயல் தன் இஸ்திரிப் பெட்டியைத் தொடவேயில்லை. கடைசியில் இடிதான் பேசினார். "வேலையைப் பாருங்க" என்றார்.

ஃபிட்டர் போகும்போது, குழாயைத் தினமும் தட்டிப் பார்க்கச் சொன்னார். வெறுங்குழாய் மணிபோல் ஒலிக்கும், தண்ணீர் நின்றால் மொத்தையாக இருக்கும். ஆகவே இப்போது எல்லோருக்கும் முன்னால் வருகிறேன். திருகைத் திறந்து மூடுகிறேன். முள்ளைச் சுண்டுகிறேன். குடைப்பிடியால் குழாயைத் தட்டுகிறேன். எப்படித் தட்டுவேன் என்று நீ கேட்கமாட்டாய். வேலைக்கு வருகிற பெண்கள் வாசலிலேயே கேட்டுவிட்டு, "வாங்கம்மா" என்கிறார்கள். இந்த லாண்டரிக்குப் பேய் இப்போது நான்தான். சம்பளமில்லாத பதவி உயர்வு.

அடுத்த மாதம் நீ வந்து குறை சொல். எங்கள் கண் மறுபடி பழகிவிடும். முன்கதவு வழியாக வா. நாங்கள் சிரிக்கமாட்டோம்.

வேளைக்குச் சாப்பிடு, உட்கார்ந்து.

உன் மாமன்

பி.கு.: இன்று காலை பாய்லர் பற்றவைக்குமுன் வழக்கம்போல் தட்டினேன். தட், தட். இடைவெளி. மூன்றாவதை நான் தட்டுமுன் குழாயின் அந்தக் கோடியிலிருந்து அது வந்தது. பாய்லர் ஆறிக் கிடந்தது. தண்ணீரும் விட்டாயிற்று. கட்டடத்தில் வேறு யாருமில்லை.

குடையை அதன் ஆணியில் மாட்டினேன். பிறகு சர்க்கரையில்லாமல் ஒரு டீ வைத்தேன். ஃபிட்டருக்கும் போன் செய்துவிட்டேன். மத்தியானம் வருகிறார்.